கிலுகிலுக்கும் பாட்டிலோடு பெங்களூரில் ஐந்து நாள்

முதல் நாள், ஞாயிறு

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு பெங்களூரு வண்டி ஏறினேன். ஜன்னலோர சீட். மடியில் துணிப்பை, அதில் இருபத்து மூன்று பிளாஸ்டிக் மருந்து பாட்டில்கள். இருபத்திரண்டு காலி. ஒன்றில் மட்டும் எண்ணி முப்பது பெப்பர்மிட்டு போட்டிருந்தேன், வகுப்பில் காட்டுவதற்காக. தொப்பூர் கணவாயில் வண்டி வளைந்து ஏறும்போதெல்லாம் அந்த ஒற்றை பாட்டில் கிலுகிலு என்றது.

பக்கத்து சீட்டு அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேரனுக்குக் கிலுகிலுப்பையா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

தர்மபுரி தாண்டுவதற்குள் கைக்குட்டையை பாட்டிலுக்குள் திணித்து மூடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருஷமாக என் ஜன்னலுக்கு முன்னால் நின்று எத்தனையோ பேர் "மேடம், பாட்டில் சத்தம் போடுது" என்று சொல்லியிருக்கிறார்கள். "சத்தம் போட்டா என்ன, பைக்குள்ள போட்டுட்டுப் போங்க" என்று அனுப்பியிருக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனை மருந்தாளுநர். எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில்தான் வேலையின் பெரும்பகுதி போயிற்று. அடுத்த வருஷம் ஓய்வு. பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனம், தமிழ்நாடு, கர்நாடக எல்லையின் இரண்டு பக்கத்திலும் கிராமங்களில் வேலை செய்கிற தமிழ் பேசும் சுகாதாரப் பெண்களுக்கு நான்கு நாள் பயிற்சி வைத்து, மருந்து வகுப்புகளை என்னிடம் கொடுத்திருக்கிறது. எதற்கு எல்லை தாண்டி என்று தோன்றலாம். ஓசூர்ப் பக்கத்துக்காரர் சொந்த ஊரில் மாத்திரை வாங்கத் தயங்கி பெங்களூருக்கு வருவார். ஆனேக்கல்காரர் அதே காரணத்துக்காக கிருஷ்ணகிரிக்குப் போவார். நோயாளி எல்லை தாண்டும்போது நர்ஸம்மாக்கள் தாண்ட வேண்டாமா?

இந்தக் குறிப்புகளில் யார் பெயரும் இருக்காது. பெயரில்லாமல் பேசிப் பேசி இந்தத் தொழிலில் அதுவே பழக்கமாகிவிட்டது.

அத்திபள்ளியில் ஆரம்பித்த நெரிசல் சில்க் போர்டு வரை விடவில்லை. சாந்திநகரில் இறங்கி அல்சூருக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்து தமிழுக்கு மாறி, வாடகை பேசும்போது மட்டும் இந்திக்குப் போனார். தங்கை வீட்டில்தான் ஜாகை. சித்தி மகள், கல்யாணமாகி முப்பது வருஷமாக அல்சூர்வாசி. வீட்டில் அவள், அவள் வீட்டுக்காரர், எழுபத்தெட்டு வயது மாமியார், மகன், மருமகள், நாலு வயசுப் பேரன்.

சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்தோம். திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். 1991இல் தயாரான சிலை, திறக்க முடியாமல் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் வெளிச்சம் பார்த்தது. "நான் கல்யாணமாகி வந்தப்ப இவர் மூட்டையா இருந்தாருக்கா" என்றாள் தங்கை.

இரண்டாம் நாள், திங்கள்

பயிற்சிக்கூடம் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய விடுதி. மாடியில் தங்கும் அறைகள், அறைக்கு ஐந்து கட்டில். கீழே ஹால். மொத்தம் இருபத்திரண்டு பேர். கர்நாடகத்தில் ஆனேக்கல், மாலூர், பங்காரப்பேட்டைப் பக்கத்து ஆஷாக்கள், அதாவது கிராமத்து சுகாதாரப் பணியாளர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து கிராம சுகாதார செவிலியர்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக பி.பி., சுகர் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் நான்கு பேர். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் என்பதில் அந்த நால்வருக்கும் கொஞ்சம் பெருமை. அதை மூன்று தரம் சொன்னார்கள்.

நான் போட்டுக்கொண்டு போயிருந்த ஸ்லைடு நாற்பது. ஆறாவதிலேயே கதை முடிந்தது. இப்போது எச்.ஐ.வி.க்குக் கொடுப்பது டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனேக்கல் அக்கா ஒருவர் கை தூக்கினார்.

"மேடம், இந்தப் பேரெல்லாம் எங்க வாய்ல நுழையாது. அந்த மாத்திரை பார்க்க எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்க."

அதில்தான் சிக்கல் என்றேன். கம்பெனிக்குக் கம்பெனி உருவம் மாறும். போன மாசம் வாங்கினதும் இந்த மாசம் வாங்கினதும் ஒரே மருந்துதான், ஆனால் பார்க்க வேறு. "மாத்திரை மாறிப்போச்சு, தப்பா குடுத்துட்டாங்க" என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு சும்மா இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கலரை நம்பாதீர்கள், பாட்டில் மேல் எழுத்தைப் பாருங்கள், புரியாவிட்டால் கொடுத்த இடத்திலேயே கேளுங்கள். இதைச் சொன்னதும் எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். ஸ்லைடை அணைத்துவிட்டேன்.

அப்புறம் கதையாகச் சொன்னேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிய வந்தது. "நம்ம ஊர்ப் பொண்ணா?" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அரசாங்கம் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. நான் சேர்ந்த புதிதில் ஸ்டாவுடின் காலம். கன்னம் ஒட்டிப்போகும், முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். ஜிடோவுடினில் சிலருக்கு ரத்தம் குறையும். நெவிரபினில் தோலில் தடிப்பு. பிறகு எபாவிரென்ஸ் வந்தது, படுக்கப் போகும்போது சாப்பிட வேண்டியது. தலைசுற்றும், பயங்கரக் கனவு வரும். "செத்துப்போன மாமனார் தினம் வந்து சாப்பாடு கேட்கிறார்" என்று ஒரு பெண் என்னிடம் அழுதிருக்கிறாள். 2020க்குப் பிறகு படிப்படியாக இப்போதைய மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்து இவ்வளவு லேசாக ஆகும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மதியம் பாட்டில்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். பெப்பர்மிட்டு பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு முப்பது எண்ணிப் போட்டார்கள். விதி இதுதான். இன்று தொடங்கி மூன்று ராத்திரி, ஒன்பது மணிக்கு ஒன்று. சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. பாட்டில் எங்கே இருக்கிறது என்று அறைத்தோழிக்குத் தெரியக் கூடாது. உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியக் கூடாது. வியாழக்கிழமை எண்ணும்போது இருபத்தேழு இருக்க வேண்டும்.

"இதென்ன மேடம் சின்னப்புள்ள வெளாட்டு" என்றார் மாலூர்க்காரர்.

நானும் விளையாடுவதாக ஒத்துக்கொண்டேன். பஸ்ஸில் வந்த பாட்டில் தங்கை வீட்டில் என் சூட்கேசுக்குள், சேலை மடிப்புக்கு நடுவே.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்றைய நாளை விரிவாகத்தான் எழுத வேண்டும். வகுப்பெடுக்கப் போனவள் பாடம் கேட்டுக்கொண்டு வந்த நாள்.

முதலில் ராத்திரிக் கதை. ஒன்பது மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலைத் திறந்தேன். எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் அந்த மூடி 'டக்' என்றது. ஒரு பெப்பர்மிட்டை எடுத்து வாயில் போடுவதற்குள் தங்கையின் மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பெங்களூரு வீடுகளில் விருந்தாளிக்கு அறை கிடைக்கும், தாழ்ப்பாள் கிடைக்காது.

"என்னம்மா மாத்திரை?"

"கால்சியம் அத்தை."

என்ன வேகம்! யோசிக்கவே இல்லை, பொய் தானாக வந்தது.

"நானும் கால்சியம்தான் சாப்பிடறேன். எனக்கு அட்டையிலதான் குடுக்கறாங்க. உனக்கு மட்டும் டப்பாவுல வருதா?"

இது வேற கம்பெனி என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

காலையில் வகுப்பு. இன்றைக்கு, ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளைப் பற்றி. டோலுடெக்ராவிருக்கு ஒரு பலவீனம் உண்டு. இரும்பு, கால்சியம், அலுமினியம், மெக்னீசியம் இவை வயிற்றில் கூட இருந்தால் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏற விடாது. இப்போது ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்வோம். நர்ஸம்மா அவளுக்கு தினம் ஒரு சிவப்பு இரும்பு மாத்திரை கொடுக்கிறார். கர்நாடகத்து ஆஷாக்கள் 'கெம்பு மாத்ரே' என்கிறார்கள், சிவப்பு மாத்திரை. கால்சியம் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. நெஞ்செரிச்சல் என்று பெட்டிக்கடையில் ஜெலுசில். அவளுக்கு எச்.ஐ.வி. மாத்திரையும் இருந்தால்? எல்லாம் ஒழுங்காக விழுங்குகிறாள், ஒன்றையும் விடவில்லை, ஆனாலும் கிருமி அடங்காது. அடங்காவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. ஒழுங்கான சிகிச்சை இருந்தால் ஐந்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

தரையில் சாக்பீஸால் ஒரு நாளைக் கோடு போட்டோம், காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து வரை. துவரம்பருப்பு கால்சியம், குங்குமம் தடவிய பொட்டுக்கடலை இரும்பு, பெப்பர்மிட்டு ஏ.ஆர்.டி. கணக்கு இது: ஏ.ஆர்.டி. மாத்திரையை இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரம் முன்னாலோ, ஆறு மணி நேரம் பின்னாலோ சாப்பிட வேண்டும். இல்லையா, சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகச் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் ஒன்றாகத்தான் கூடாது. ஜெலுசில் மாதிரி அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கு மட்டும் அந்தச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. இரண்டு மணி முன்னால், ஆறு மணி பின்னால், அவ்வளவுதான்.

இரும்பும் கால்சியமும் ஒன்றாக வேண்டாம் என்பது இவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதனால் பருப்பும் கடலையும் சீக்கிரம் இடம் பிடித்தன. பெப்பர்மிட்டுக்குத்தான் இடமில்லாமல் அலைந்தார்கள். தளி செவிலியர் ஒருவர் அதை எடுத்து காலை ஆறு மணியில் வைத்தார். "எட்டு மணிக்கு டிபனோட கால்சியம். அதுக்கு ரெண்டு மணி முன்னால. ராத்திரி ஒம்பதுக்கு கடைசி கால்சியம், அதுலருந்து ஆறு மணிக்கு ஒம்பது மணி நேரம் ஆச்சு. தண்ணி பிடிக்க எந்திரிக்கிற நேரம் மேடம். அப்ப வீட்ல யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க."

நான் மணிக்கணக்கைப் பார்த்தேன். அவர் யார் முழித்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. சுகர் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர், கூட்டத்திலேயே சின்னப் பெண். மெட்பார்மின் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். டோலுடெக்ராவிர் கூட இருந்தால் மெட்பார்மின் உடம்பில் அதிகமாகத் தங்கும், பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, டாக்டர் அளவைப் பார்க்க வேண்டும் என்று.

"மேடம், எங்க ஏரியாவுல நூத்துச் சொச்சம் வீட்டுக்கு நான் மெட்பார்மின் குடுக்கறேன். அதுல யாருக்கு அந்த வியாதின்னு எனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டாங்க. சொல்லச் சொல்லி கேக்கவும் கூடாதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. அப்ப நான் என்ன பண்றது?"

ஹால் அமைதியாகிவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமைகளுக்கான 2017 சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருப்பது, அதைத்தான் முந்தின நாள் சொல்லியிருந்தேன். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தெரிந்தவர் அவர் சம்மதமில்லாமல் வேறொருவரிடம் சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ரகசியம் காப்பதையே கற்றுக்கொடுத்து வந்திருக்கிறேன். அந்த ரகசியம் இன்னொரு கையிலிருக்கும் மாத்திரையோடு முட்டும் இடத்தை இந்தப் பெண் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். ஏ.ஆர்.டி. மையத்தில் நாங்கள் கேட்போம், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று. அது எங்கள் பக்கத்துக் கதவு. அவள் நிற்பது வீட்டுப் பக்கத்துக் கதவில்.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. பங்காரப்பேட்டை ஆஷா, ஐம்பது வயதுக்காரர், அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"பிரசவத்துக்குப் போறப்ப கிளவுஸ் போடறமே, யாருக்கு என்ன இருக்குன்னு கேட்டுட்டா போடறோம்? எல்லாருக்கும் போடறோம். மாத்திரைக்கும் அப்படியே வெச்சுக்க வேண்டியதுதான். எல்லாரையும் ஒரே மாதிரி கேளு: வேற டாக்டர்கிட்ட, வேற ஊர்ல, எதுவா இருந்தாலும் தினம் சாப்பிடற மாத்திரை இருந்தா, அதைக் குடுக்கறவங்ககிட்ட இந்த சுகர் அட்டையையும் காட்டிடுங்க. என்ன மாத்திரைன்னு எனக்குச் சொல்ல வேணாம்."

இவ்வளவுதான். எத்தனை பயிற்சிக்குப் போயிருப்பேன், எத்தனை கையேடு படித்திருப்பேன்! ரத்தம் என்றால் யாராக இருந்தாலும் கையுறை என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். மாத்திரைக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அந்த அம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே போர்டில் எழுதினோம். கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். சின்னப் பெண் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள், கூரியர்க்காரர் மாதிரி வேகமாக. "மெதுவா சொல்லு, காது கேக்காத கிழவிக்கும் அதுதான் வசனம்" என்றார் பங்காரப்பேட்டைக்காரர்.

நான்காம் நாள், புதன்

மழை. சில்க் போர்டைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

இன்றைக்குச் சில்லறை விஷயங்கள் நிறைய. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் நெவிரபின் சிரப்: இரண்டரை கிலோவுக்கு மேல் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒன்றரை மில்லி, இரண்டிலிருந்து இரண்டரைக்குள் என்றால் ஒரு மில்லி. அதற்கும் குறைந்த எடை என்றால் டாக்டர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். 'ஒன்றரை' என்று வாயால் சொன்னால் பாலாடையில் ஒன்றரை ஊற்றிவிடுவார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுங்கள் என்று சொல்லி, எல்லாரும் சர்க்கரைத் தண்ணீரில் பழகினார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் பதற வேண்டாம். அழுக்கு ரத்தம் வரட்டும் என்று பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் உத்தமம், எழுபத்திரண்டு மணி தாண்டக் கூடாது, இருபத்தெட்டு நாள் முழுசாகச் சாப்பிட வேண்டும்.

தங்கவயல் பக்கத்தில் காசநோய் பழகின விஷயம். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியாயிற்று, தூசி தின்ற நெஞ்சுகள் இன்னும் இருக்கின்றன. காசநோய் மருந்தில் ரிபாம்பிசின் இருந்தால் டோலுடெக்ராவிரின் வேகம் குறையும். அதனால் காலை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது மாத்திரையைத்தான் ஆட்கள் விடுகிறார்கள். அங்கிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறி வேலைக்கு வருகிறவர்கள் நிறைய. திரும்பும் ரயிலில் நின்றுகொண்டு, தெரிந்த முகங்களுக்கு நடுவே எப்படிப் பாட்டிலைத் திறப்பது?

இதிலிருந்து பேச்சு ஒளிக்கும் இடத்துக்குப் போயிற்று. தகரக் கூரை வீட்டில் பரணில் வைக்கக் கூடாது, முப்பது டிகிரிக்கு மேல் சூடு மருந்துக்கு ஆகாது. சத்தத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் கவருக்கு மாற்றினால் ஈரம் ஏறிவிடும். பாட்டிலிலேயே இருக்கட்டும், சத்தம் வராமலிருக்க மேலே சுத்தமான பஞ்சு வையுங்கள் என்றேன். அரிசிப் பானை என்றார் ஒருவர். துணி மூட்டை என்றார் இன்னொருவர். தேன்கனிக்கோட்டை செவிலியர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்தவர், "மேடம், வீட்ல பூட்டு போட்ட பெட்டி மாமியாருக்குத்தான் இருக்கும். மருமகளுக்குப் பூட்டு ஏது? அரிசிப் பானை அவ கையில இருக்கறதாலதான் அரிசிப் பானை" என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் பாட்டிலைத் திறந்தேன்.

ஐந்தாம் நாள், வியாழன்

எண்ணிக்கை நாள். மேசை மேல் இருபத்திரண்டு பாட்டில். சரியாக இருபத்தேழு வைத்திருந்தவர்கள் பதினொரு பேர். இருபத்தெட்டு ஆறு பேர், இருபத்தொன்பது மூன்று பேர். ஒருவர் பாட்டிலில் இருபத்து நான்கு, பசித்ததாம். இன்னொருவர் எங்கே ஒளித்தோம் என்பதையே மறந்து கட்டில் மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சுகமான விடுதி, சமைக்க வேண்டாம், புருஷன் பிள்ளை இல்லை, மூன்றே மூன்று நாள். பாதிப் பேருக்குத்தான் கணக்கு நேரானது. மாதத்தில் முப்பதுக்கு ஒன்று தவறலாம், இரண்டு தவறினால் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம்.

அப்போது மாலூர்க்காரர், 'சின்னப்புள்ள வெளாட்டு' என்று சொன்னவர், எழுந்து நின்றார். அவர் கணக்கு இருபத்தேழு. "மேடம், நேத்து நைட்டு மறந்து தூங்கிட்டேன். காலைல ஒண்ணை எடுத்து பாத்ரூம்ல போட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, காரணத்தை அவர்களிடம் சொன்னேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒருத்தர், ஐம்பதை ஒட்டிய வயது, மாதம் தவறாமல் வருவார். மீதி மாத்திரையை எண்ணினால் தங்கக் கணக்கு மாதிரி நிற்கும். வரிசையில் நிற்பவர்களிடம் "இவரைப் பாருங்க" என்று காட்டிப் பேசியிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து வைரஸ் அளவு பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டி எங்கோ இருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றுவதைப் பற்றிக்கூடப் பேச்சு வந்துவிட்டது. கவுன்சிலர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதில்தான் தெரிந்தது, வாரத்தில் நாலு நாள் லோடு வண்டியில் வெளியூர். அந்த நாட்களில் மாத்திரை கிடையாது. மையத்துக்கு வரும் முந்தின நாள் எண்ணிப் பார்த்து, அதிகமாக இருப்பதைக் கிணற்றில் போட்டுவிட்டு வருவார்.

"ஏங்க அப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டுவீங்கன்னுதான் மேடம்."

மாலூர்க்காரரிடம் யாரும் திட்டவில்லை. இருந்தும் போட்டிருக்கிறார். எண்ணுவதை விட வேண்டாம், ஆனால் எண்ணுவதற்கு முன்னால் பேசுங்கள், "எந்த நாள் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள் என்றேன். 'மறந்தீங்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மதியம் குரூப் போட்டோ. வாட்ஸப் குழு. ஆனேக்கல் அக்கா என்னிடம் தனியாக வந்து, காலி பாட்டில் இன்னொன்று கிடைக்குமா என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் பையில் இருந்ததைக் கொடுத்தேன், பெப்பர்மிட்டைக் கைக்குட்டையில் கொட்டிக்கொண்டு.

இனி வீட்டில் நடந்தது. தங்கை இந்தப் பதிவுகளைப் படிக்கிறாள், கால்சியம் பொய் செவ்வாய்க்கிழமையே அம்பலம். மாமியாரிடம் போட்டுக் கொடுத்தும் விட்டாள். "பெப்பர்மிட்டா? அதுக்கா பாத்ரூம்ல தண்ணி வழியவிட்ட? காவேரித் தண்ணி!" என்று பாட்டி பிடிபிடியென்று பிடித்தார். அவ்வளவும் சிரிப்பாகத்தான் போயிற்று. சாயங்காலம் கைக்குட்டையைப் பிரித்து மிச்ச மிட்டாயைப் பேரனிடம் நீட்டினேன். அவன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நேராக ஃபிரிட்ஜ் பக்கம் ஓடி, எக்கி, மேலே கிடந்த தாத்தாவின் பி.பி. மாத்திரை அட்டையை இழுத்தான்.

"இதுவும் மிட்டாய்தானே பெரிய பாட்டி? நீ டப்பாலேந்து எடுத்துச் சாப்பிட்ட."

எப்போது பார்த்தானோ! மருந்து பாட்டிலில் மிட்டாய் போடக் கூடாது, குழந்தை முன்னால் மாத்திரையை மிட்டாய் என்று சொல்லக் கூடாது. மருந்தாளுநர் படிப்பின் முதல் வருஷப் பாடம். நாலு நாள் மருந்துப் பாதுகாப்பு நடத்திவிட்டு, தங்கியிருந்த வீட்டில் நானே பொறி வைத்திருக்கிறேன். அட்டையை வாங்கிக்கொண்டு, விடுதிக் குழுவில் உடனே ஒரு செய்தி போட்டேன்: வீட்டுக்குப் போனதும் மிட்டாயைக் கொட்டிவிட்டு பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அடுத்த முறை மொச்சைக்கொட்டை.

தங்கையும் நானும் வீட்டிலிருந்த மாத்திரையெல்லாம் தேடிச் சேர்த்துக் கட்டில் மேல் கொட்டினோம். ஃபிரிட்ஜ் மேலே, டி.வி.க்குப் பின்னால், பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில், கைப்பைகளில். ஆறு பேர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைந்தது. காலாவதியானதைத் தனியே எடுத்தேன். மிச்சத்தை அலமாரியின் மேல் தட்டில் வைக்கலாம் என்று ஸ்டூலைப் போட்டேன்.

"அங்க வெச்சா நான் எப்படி எடுக்கறது?" என்றார் மாமியார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது. கேள்வி நியாயம்தான். குழந்தைக்கு எட்டக் கூடாது, கிழவிக்கு எட்ட வேண்டும்.

அவரே போய் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் திறந்து, பட்டுப் புடவையை ஒதுக்கி, கூடைக்கு இடம் பண்ணினார். பூட்டியதும் தங்கை கேட்டாள், "அப்ப எனக்கு வேணும்னா?"

"என்னைக் கேளு" என்றார்.

நான் நாளைக்கு இன்னொரு பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அல்சூர் பஜாரில் கடை பத்து மணிக்குத்தான் திறக்குமாம்.